நேர்ச்சைச் சோறு

விளக்கேற்றும் நேரம் வந்தால் பிரிஜெட் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையமாட்டாள். பகலெல்லாம் ஜோகுபாளையத்துச் சந்தில் குதித்துத் திரிகிற ஐந்து வயசுப் பெண், பொழுது சாயச் சாயச் சுவரோரமாக வந்து ஒண்டிக்கொள்வாள். கூப்பிட்டால் "வரேம்மா" என்பாள். வரமாட்டாள். பெற்றவளுக்குக் கோபம் வருமா வராதா? அப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளை, செல்லம் கூடிப்போச்சு, முதுகில் இரண்டு வைத்தால் சரியாகிவிடும் என்று பியாட்ரிஸ் முடிவு கட்டியிருந்தாள். 1944 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் அப்படியே வைத்தும்விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அடுக்களையிலிருந்து ஒரு தம்ளர் எடுத்துவரச் சொன்னாள். பிரிஜெட் நேராகப் போய் ரசச் சட்டிக்குள் காலை விட்டாள். சட்டி உருண்டு சோற்றுப் பானையையும் சாய்த்தது. ராத்திரிக்கு வடித்து வைத்திருந்த சோற்றில் பாதி தரையோடு போயிற்று. ரேஷன் அரிசி, வாரத்துக்கு அளந்து கொடுத்த அரிசி. பியாட்ரிஸுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது உனக்கு?" என்று முதுகில் ஓங்கி வைத்தாள்.

குழந்தை அழவில்லை. அடி வந்த பக்கமாகத் திரும்பி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் துழாவியது.

"அம்மா, நீ எங்க நிக்கிற?"

பியாட்ரிஸ் அதன் எதிரே, இரண்டு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். வாசல் வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவளுக்குக் குழந்தையின் மூக்கு நுனியில் ஒட்டியிருந்த பருக்கைகூடத் தெரிந்தது.

அந்த வீட்டில் அப்போது மூன்று பெண்கள்தான். பியாட்ரிஸ், பிரிஜெட், நாத்தனார் நோரா. பியாட்ரிஸின் கணவன் ரெமிஜியஸ் மிலிட்டரி ஆஸ்பத்திரி ஸ்டோரில் குமாஸ்தா. நாற்பத்தொன்றில் மலாயாவுக்கு அனுப்பினார்கள். நாற்பத்திரண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. போனவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எவனுக்கும் தெரியாது. 'தகவல் இல்லை' என்று ஒரு தாள் வந்தது.

அந்தத் தாள் வந்த அன்றைக்கு இரண்டு பெண்களும் அலமாரித் தட்டிலிருந்த மாதா சுரூபத்தின் முன்னால் முழந்தாளிட்டு நேர்ச்சை செய்துகொண்டார்கள். அவர் திரும்பி வந்து இந்த வாசப்படியை மிதிக்கிறவரைக்கும் இந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறாது, கறி ஏறாது. "முட்டையும்தான்" என்று நோரா சேர்த்துச் சொன்னாள். அவளுக்குத் தாய் தகப்பன் இருவரும் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். அண்ணன்தான் தூக்கி வளர்த்தவன். இப்போது பட்டாளத்துச் சட்டை தைக்கிற கொட்டகையில் வேலை செய்து அவள் கொண்டுவருகிற சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது.

மீனை விடுவது அந்த வீட்டுக்குச் சின்ன விஷயமில்லை. ரெமிஜியஸ் இருந்த காலத்தில் மீன் வாசனை இல்லாத வெள்ளிக்கிழமையை அந்தச் சந்து கண்டதில்லை. மங்களூர்ப் பக்கமிருந்து ஐஸ் போட்டு வந்த மத்தியைக் கூடையில் சுமந்து வருகிற ஃபாத்திமா முதலில் இந்த வாசலில்தான் கூடையை இறக்குவாள். நேர்ச்சைக்குப் பிறகு அவளே பெரிய மனசோடு இந்த வீட்டைத் தாண்டுகிறபோது குரலை அடக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் கைதி முகாமிலிருந்து ஒரு கார்டு வந்தது. அச்சடித்த இரண்டு வரி, அடியில் ரெமிஜியஸ் கையெழுத்து. உயிரோடிருக்கிறார்! நோரா கார்டை மாதாவின் காலடியில் வைத்துவிட்டு, "பாத்தீங்களா அண்ணி" என்றாள். அதற்கப்புறம் நேர்ச்சையைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. அடுப்புக்கும் அந்த மனுஷன் உயிருக்கும் ஒரு கயிறு கட்டியாகிவிட்டது.

அடி விழுந்த மறுநாள் காலையிலேயே பியாட்ரிஸ் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அல்சூர் டிஸ்பென்சரிக்கு ஓடினாள். அங்கே இருந்த லேடி டாக்டர் ராஜலக்ஷ்மி அம்மாள் ஒன்பது கெஜம் புடவை, வைரத் தோடு, வெடுக்கென்ற பேச்சு. குழந்தையின் இமையை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கருவிழிக்குப் பக்கத்தில் வெள்ளை காய்ந்துபோய், சோப்பு நுரை ஒட்டினாற்போல ஒரு திட்டு இருந்தது. பியாட்ரிஸையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். இது மாலைக்கண், இப்போது அந்தி வெளிச்சம்தான் போயிருக்கிறது, இப்படியே விட்டால் கருவிழியே புண்ணாகிப் பகலும் போய்விடும், அப்புறம் தன்னிடம் தூக்கிக்கொண்டு வந்து பிரயோஜனமில்லை என்றாள்.

பிறகு குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று கேட்டாள். பியாட்ரிஸ் சொன்னாள்: சோறு, ரசம். காலையில் கஞ்சி. சில நாள் ஊறுகாய். பால் காப்பிக்கு மட்டும். மீன் என்னாச்சு, நீங்கள் கிறிஸ்தவர்கள்தானே என்று டாக்டர் கேட்க, நேர்ச்சையைச் சொல்லவேண்டி வந்தது.

ராஜலக்ஷ்மி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் பொறந்ததுலேர்ந்து மீன் தொடாதவ. எங்காத்துல அந்தப் பேரைக்கூடச் சொல்லமாட்டா. ஆனா எங்காத்துத் தட்டுல பருப்பு இருக்கும், கீரை இருக்கும், மோர் இருக்கும், சொட்டு நெய் இருக்கும். நீ மீனை எடுத்துட்டே, சரி. அந்த எடத்துல என்ன வெச்சே?"

பியாட்ரிஸ் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணும் வெக்கல, டாக்டரம்மா."

அதுதான் உண்மை. மீன் குழம்பு இல்லாவிட்டால் வேறு என்ன சமைப்பது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை. விரதமென்றால் தட்டு காலியாக இருக்கவேண்டும், நாக்கு செத்துப்போக வேண்டும், அப்போதுதான் மாதாவுக்குக் கண் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தட்டு காலியாகத்தான் இருந்தது. கண்தான் இந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினாள். சீமை மீனெண்ணெய் சண்டையால் வருவது நின்றுபோய், அதற்குப் பதிலாக மேற்குக் கரையில் சுறா ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் அது. தினம் ஒரு ஸ்பூன். கூடவே முருங்கைக்கீரை, பருப்பு. வாரத்தில் இரண்டு நாள் மீன், முள்ளோடு மெல்லுகிற சின்ன மீனாக இருந்தால் நல்லது. மூடியைத் திறந்ததும் வந்த நாற்றத்துக்கு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பியாட்ரிஸுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மீனே தொடாதவள் மீனெண்ணெய் கொடு என்கிறாள், மீன் தின்றே வளர்ந்தவள் வேண்டாமென்று நிற்கிறாள்.

"கீரை மட்டும் குடுத்தா ஆவாதா?" என்று கேட்டாள்.

"கீரை இனிமே எப்பவும். எண்ணெய் இன்னிக்கே" என்றாள் டாக்டர். அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று.

புட்டியை மடியில் செருகிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் சுறா ஈரல் மடியில் அடங்குகிற சமாச்சாரமா? சாயங்காலம் நோரா வாசப்படி ஏறும்போதே நின்றாள்.

பியாட்ரிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். நோராவும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணைப் பார்த்தாள், முத்தம் கொடுத்தாள், அழுதாள். கல்நெஞ்சுக்காரி இல்லை அவள். ஆனால் புட்டியைத் தொடவிடவில்லை. மருந்து என்றாலும் மீன் மீன்தான் என்றாள். குழந்தை நேர்ந்துகொள்ளவில்லையே என்று பியாட்ரிஸ் வாதாடினாள். இந்த வீட்டு அடுப்பு என்றுதானே வாய்விட்டுச் சொன்னோம், அதில் குழந்தை சேர்த்தியில்லையா என்று நோரா திருப்பிக் கேட்டாள்.

"ஒரு வாரம் கீரை குடுத்துப் பாப்போம், அண்ணி. உங்க காலப் புடிச்சிக்கிறேன். எனக்கு அப்பன் ஆத்தா எல்லாம் அவர்தான்."

புட்டி மாதா சுரூபத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. நோரா தினமும் கொட்டகையிலிருந்து வருகிற வழியில் எங்கிருந்தோ முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு வந்தாள். பியாட்ரிஸ் உருவி, வதக்கி, பிசைந்து ஊட்டினாள். குழந்தை மென்று துப்பியது. துப்பியதை வழித்து மறுபடி ஊட்டினாள்.

அந்த வாரம் முழுக்க பியாட்ரிஸுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நாலு மணி அடித்தால் வாசலுக்குப் போவாள், வானத்தைப் பார்ப்பாள், உள்ளே வருவாள், குழந்தையின் முன்னால் விரலை நீட்டி எத்தனை என்று கேட்பாள். வெயில் இருக்கும்வரை சரியாகச் சொல்லும். பொழுது இறங்கியதும் யோசிக்கும். அம்மாவைச் சந்தோஷப்படுத்த "மூணு" என்று குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லும். விரலே நீட்டாதபோதும் மூணுதான். பியாட்ரிஸ் கொல்லைப்புறம் போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

மாதா கோவிலுக்குப் போய்ச் சாமியாரையும் கேட்டாள். குழந்தையை நேர்ச்சை கட்டாது, மருந்தைக் கொடு, மாதா கோபித்துக்கொள்ளமாட்டாள் என்றார். அவர் சொன்னது சட்டம். பியாட்ரிஸுக்கு வேண்டியிருந்ததோ உத்தரவாதம். ரெமிஜியஸ் திரும்பி வருவார் என்று எழுதிக் கொடுக்கச் சாமியாரால் முடியுமா? கும்பிட்டுவிட்டு, போனதைவிட அதிகக் கலக்கத்தோடு வீடு வந்து சேர்ந்தாள்.

வாரம் தாண்டிப் பத்து நாளும் ஆயிற்று. செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாள். சாயங்காலத் தேருக்குப் போகாமல் இருக்கமுடியுமா? மூவரும் போனார்கள். காவி உடுத்தின கூட்டம், மெழுகுவத்தி, பாண்டு வாத்தியம், தள்ளுமுள்ளு. தேர் திரும்புகிறபோது ஒரு நெரிசல் வந்தது. பியாட்ரிஸின் கையிலிருந்து பிரிஜெட்டின் கை நழுவியது.

கால் மணி நேரம் பியாட்ரிஸ் பைத்தியக்காரியாகத் திரிந்தாள். கண்ட பிள்ளையை எல்லாம் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் மணிக்கூண்டுப் பக்கம் போகிற கூட்டத்தில் கண்டுபிடித்தாள். யாரோ ஒருத்தியின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எந்தப் பயமும் இல்லாமல் பிரிஜெட் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தி அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டும் வந்தாள். அந்த அம்மாளுக்கோ பின்னால் ஒரு குழந்தை வருவதே தெரியாது.

பியாட்ரிஸ் ஓடிப்போய்த் தூக்கினதும் குழந்தை திமிறியது. குரலைக் கேட்டுவிட்டு, "நீ இங்கியா இருக்கிற? அப்போ அது யாரும்மா?" என்றது.

நோரா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்தது.

மறுநாள் காலை ஃபாத்திமா சந்தில் நுழைந்து வழக்கம்போல் குரலை அடக்கினாள். பியாட்ரிஸ் வாசலில் நின்று, "இங்க எறக்கு" என்றாள். ஃபாத்திமா தலைக் கூடையோடு அப்படியே நின்று, "வந்துட்டாரா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். இல்லை, குழந்தைக்கு என்றதும் முகம் மாறி, கூடையை இறக்கி, மத்தியாகப் பொறுக்கிப் போட்டாள்.

"தலைய வீசிடாதே அக்கா. உன் பச்சா தலையோட மென்னு துண்ணட்டும். அல்லா பாத்துக்குவான்."

பியாட்ரிஸ் உள்ளே வந்தாள். தவக்காலத்தின் கடைசியில் கோவிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவைப்பார்களே, அதுபோல் ரெமிஜியஸின் பழைய துண்டை எடுத்து மாதாவை மூடினாள். மூடுகிறதற்கு முன்பே சுரூபத்தின் பின்னாலிருந்து புட்டியை எடுத்துக்கொண்டாள். ஒரு ஸ்பூன் ஊற்றி, குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் விட்டாள். பிறகு சட்டியை அடுப்பில் ஏற்றினாள். எண்ணெயில் மீன் விழுந்து சடசடத்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷனைத் தன் கையால் தள்ளிவிடுகிறோம் என்றே அவளுக்குப் பட்டது. கை மட்டும் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் அதில் ஒரு முள்ளைக்கூட வாயில் வைக்கவில்லை. அவள் தட்டிலும் நோரா தட்டிலும் சோறும் கீரையும்தான். நோரா சண்டை போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சம்பளத்தைக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பாள், மூடின சுரூபத்தின் முன்னால் ஜெபம் சொல்வாள், படுத்துவிடுவாள்.

மூன்று வாரம் போயிருக்கும். விளக்கேற்றாமலே பியாட்ரிஸ் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிரிஜெட் சுவரைப் பிடிக்காமல் நேராக நடந்து வந்து, எதிரே நின்று, அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"ஏம்மா அழுவுற?"

பியாட்ரிஸ் சத்தம் போட்டு அழவில்லை. மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. பார்த்துத்தான் கேட்டது குழந்தை! அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டபோது பின்னால் நோரா நிற்பது தெரிந்தது. நோரா விளக்கை ஏற்றினாள். மாதாவின் மேலிருந்த துண்டை எடுத்து மடித்துவைத்தாள்.

குழந்தை தேறிவிட்டது. பியாட்ரிஸுக்கோ அதற்கப்புறம்தான் அசல் வேதனை. கார்டு வரவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், வருஷம். "சட்டி ஏறினதுலேருந்து ஒரு கடுதாசி இல்ல" என்று நோரா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அது பியாட்ரிஸின் காதிலேயே குடியிருந்தது. நாற்பத்தைந்து ஆகஸ்டில் சண்டை முடிந்து, வெடி வெடித்து, ஊரெல்லாம் சந்தோஷப்பட்டபோதும் அவள் கார்டு வராத மாதங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். ரெமிஜியஸைக் கேட்டால், வேறு முகாமுக்கு மாற்றினார்கள், அதற்குப் பிறகு தெரியாது என்றார்கள். தபால்காரன் சந்தில் நுழைந்தால் பியாட்ரிஸ் கொல்லைப்புறம் ஓடிவிடுவாள்.

நவம்பர் பிறந்து ஒரு சாயங்காலம். மேகமூட்டம், சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிரிஜெட் உள்ளே எட்டிப்பார்த்து, "அம்மா, ஒரு ஆளு செவுரப் புடிச்சிக்கினே வராரு" என்றாள்.

சந்து முனையிலிருந்து ஒரு மனுஷன் வந்துகொண்டிருந்தான். உடம்புக்கு இரண்டு மடங்கு பெரிசாகக் காக்கிச் சட்டை. ஒரு கையில் பை. மறு கையின் விரல்கள் சுவரைத் தடவித் தடவி, கதவு வந்தால் நின்று எண்ணிக்கொண்டு, அடுத்த சுவருக்குத் தாவின. நோராதான் முதலில் கண்டுகொண்டாள். "அண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடி எதிரே போய் நின்றாள்.

அவர் அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்தார். கையை நீட்டி அவள் முகத்தைத் தடவினார். "நோராவா?" என்றார்.

"என்னைத் தெரியலையா அண்ணே?" என்று நோரா உடைந்துபோனாள்.

பிரிஜெட் அவர்கள் பக்கத்தில் வந்து, அவர் கண்ணையும் கையையும் காலையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கு இதெல்லாம் தெரிந்த சமாச்சாரம்.

"அழாத அத்தை. அவருக்குத் தெரியல. இருட்டிடுச்சில்ல" என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க ஒரு படி இருக்குது. காலத் தூக்குங்க. இன்னும் ஒண்ணு."

பியாட்ரிஸ் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் படியை மிதித்தார், உள்ளே வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். வருஷக்கணக்காக என்னென்னவோ பேசவேண்டுமென்று வைத்திருந்தவளுக்கு முதலில் வந்தது இதுதான்:

"நான் நேர்ச்சைய முறிச்சிட்டேங்க. புள்ளைக்குக் கண்ணு போச்சு. மீன் சட்டிய ஏத்திட்டேன்."

அவர் கையைப் பிடித்திருந்த சின்னக் கையை விடாமல், "இப்ப தெரியுதா புள்ளைக்கு?" என்று கேட்டார். தெரிகிறது என்றாள். "அப்ப சரி" என்றார்.

மெள்ள மெள்ள விஷயம் வந்தது. முகாமில் கடைசி ஒரு வருஷமாகவே அவருக்கு அந்திக்கு மேல் ஒன்றும் தெரியாது. வயிறும் கெட்டுப்போய், திரும்பி வந்த கப்பல் பயணம் முழுக்கக் கஞ்சிதான். கண்ணைச் சொன்னால் மதராஸில் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள், வீட்டுக்கு வரமுடியாது என்று வாயைத் திறக்கவில்லை. பகலில் வந்து சேர்ந்துவிடலாமென்று பார்த்தார், ரயில் தாமதமாகிவிட்டது.

"அங்க என்னா அண்ணே சாப்பாடு குடுத்தானுங்க?" என்று நோரா கேட்டாள்.

"சோறு. வெள்ளைச் சோறு. மேல தண்ணியாட்டம் ஏதோ ஊத்துவானுங்க. அவ்ளோதான், மூணரை வருஷமும்."

நோரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பார்வை அடுக்களையில் மூடிவைத்திருந்த தட்டுக்குப் போயிற்று. அண்ணனைக் காப்பாற்ற அவள் தினமும் தின்ற சோறு. அவர் கண்ணைத் தின்றதும் அதே சோறுதான். பிறகு எழுந்து, அலமாரித் தட்டுக்குப் போய், மாதாவுக்குப் பக்கத்திலிருந்த புட்டியை அவளே எடுத்தாள். விடாமல் கொடுக்கச் சொல்லி டாக்டர் அவ்வப்போது கொடுத்த புட்டிகளில் கடைசிப் புட்டி அது, இன்னும் கால்வாசி இருந்தது. ஸ்பூனில் ஊற்றும்போது பாதி புடவையில் சிந்தியது.

"காலைல ஃபாத்திமாவ நிறுத்துங்க, அண்ணி" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது அண்ணி என்ற வார்த்தையைக் கேட்டு. "வாயத் தொறங்க, அண்ணே."

நாற்றம் தாங்காமல் ரெமிஜியஸ் முகத்தைத் திருப்பினார். பிரிஜெட் பெஞ்சில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூக்கப் புடிச்சிக்கோங்கப்பா" என்றாள். "அப்பத்தான் எறங்கும்."